அம்மாவுக்குக் கேட்ட கடல்

“தம்பி, கடல் ஏன் இப்பிடி இரையுது? வாடை இன்னும் தொடங்கேல்லையே?”

ஆவணி மாதம், இரவு ஒன்றரை மணி. மறுநாள் கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அம்மாதான் கேட்டார். எங்கள் வீடு திருகோணமலை திருக்கடலூரில். ஜன்னலைத் திறந்தால் கடல். ஆவணியில் எங்கள் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அது எழும்புவது கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடுதான். அப்பா தொழிலுக்குப் போன நாளிலிருந்து அம்மா நித்திரையிலும் கடலுக்குக் காது கொடுத்தே பழகியவர். அன்று அவருக்குக் கேட்டது என் கம்ப்யூட்டர்.

அந்தக் கேள்வி என்னை நன்றாகவே உலுக்கியது. பகல் முழுக்கத் தையல் மெஷினில் இருந்துவிட்டுப் படுக்கிறவரை நான்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று அதுவரை தெரியாது.

கம்ப்யூட்டர் நானே பூட்டியது. ரைசன் 5 3600 புரொசசர், 16 ஜி.பி. ராம், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டில் கையில் இருந்த காசுக்குக் கிடைத்த விலை குறைந்த ஒன்று, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அழகான கேஸ். புரொசசரின் சூட்டை இறக்கும் விசிறியோடு கூடிய கூலர் அதன் பெட்டியிலேயே வந்தது.

கூலர்தான் சத்தம் போடுகிறது என்று நினைத்தேன். சேர்த்து வைத்திருந்த காசில் உயரமான டவர் கூலர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். பூட்டியதும் புரொசசரின் சூடு 88 பாகையிலிருந்து 74க்கு இறங்கியது. சத்தமும் குறைந்தது. சந்தோஷமாக ஒரு மணி நேர வீடியோவை ரெண்டரில், அதாவது வெட்டியதை ஒரே கோப்பாக ஆக்கும் வேலையில், போட்டேன். முன்பு 42 நிமிடம் எடுத்த வேலை ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் வரை புரொசசர் 3.9 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு திடீரென்று ஒரு கிகாஹேர்ட்ஸுக்கும் கீழே விழுகிறது. கொஞ்சம் பொறுத்து ஏறுகிறது, மறுபடி விழுகிறது. புரொசசரோ 74 பாகையைத் தாண்டவே இல்லை. அது சூடாகாமலே வேகத்தைக் குறைக்கிறது என்றால் வேறு ஏதோ சூடாகிறது.

பக்கக் கதவைக் கழற்றி மதர்போர்டின் மேல் விரலைக் கொண்டுபோனேன். புரொசசருக்கு இடப்பக்கம், கேபிள்கள் செருகும் பின்பக்கத்துக்கும் அதற்கும் நடுவில், சோற்றுப் பருக்கை இரண்டை ஒட்டி வைத்த அளவில் கறுப்புச் சில்லுகள் வரிசையாக இருக்கும். தொடவில்லை. அரை அங்குலம் தள்ளி நின்றபோதே விரல் பின்வாங்கிவிட்டது.

ஏசி திருத்துகிற நண்பர் ஒருவரிடம் துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறது. இரவல் வாங்கி வந்து அந்தச் சில்லுகளுக்குக் காட்டினேன். 108 பாகை. (அதைப் பாவிக்கிறவர்கள் கறுப்புப் பரப்பில்தான் அளக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்துக்குக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.)

இந்தச் சில்லுகளும் பக்கத்தில் இருக்கும் சுருள்களும் சேர்ந்ததுதான் வீ.ஆர்.எம்., புரொசசருக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி. பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். புரொசசருக்குத் தேவைப்படுவது ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவு, ஆனால் ஐம்பது அறுபது அம்பியர் அளவில். அந்த மாற்றத்தைச் செய்யும் இடத்தில் வீணாகும் மின்சாரம் எல்லாம் அங்கேயே சூடாக நிற்கிறது. நல்ல மதர்போர்டில் இதன்மேல் அலுமினியக் கட்டி ஒன்று இருக்கும். என்னுடையதில் இல்லை. அளவுக்கு மீறிச் சூடானதும் மதர்போர்ட் புரொசசரை வேகம் குறைக்கச் சொல்லிவிடுகிறது; சில்லு எரிந்து போகாமல் இருக்க வேறு வழி அதற்கு இல்லை.

பழைய கூலரோடு இது ஏன் நடக்கவில்லை? அது காற்றை மேலிருந்து கீழே மதர்போர்டை நோக்கி ஊதும். புரொசசரில் பட்டுத் தெறித்த காற்று பக்கத்துச் சில்லுகளையும் தடவிக்கொண்டு போனது. டவர் கூலர் பக்கவாட்டில் ஊதுகிறது. புரொசசருக்கு அது நல்லது, வீ.ஆர்.எம்.முக்கு ஒரு துளி காற்றும் இல்லை. நான் சத்தத்தைக் குறைக்கப் போய் மதர்போர்டைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

அதிலும் இது கச்சான் என்கிற சூடான காற்று வீசும் காலம். பகலில் என் அறை 34 பாகைக்குக் குறையாது. அறை ஒரு பாகை ஏறினால் உள்ளே எல்லாமே ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். குளிர் நாட்டில் இருந்துகொண்டு 22 பாகை அறையில் சோதித்துப் போடும் அளவுகளை நம் ஊரில் படிக்கும்போது பன்னிரண்டைக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

முதலில் முன்கண்ணாடியைக் கழற்றினேன். அதற்குப் பின்னால் இருந்த இரண்டு விசிறிகளும் ஓரத்தில் இருந்த விரல் அளவு இடைவெளியால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சட்டத்தில் நுளம்பு வலையை இழுத்து ஒட்டினேன். சில்லுகளின்மேல் சின்ன அலுமினியத் துண்டுகளைச் சூட்டைக் கடத்தும் தேர்மல் டேப்பால் ஒட்டி, அவற்றை நோக்கி மேலிருந்து ஒரு விசிறியைத் திருப்பிக் கட்டினேன். பிறகு பயோஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரையில், ஈக்கோ மோட். 65 வாட் புரொசசரை 45 வாட் ஆக நடத்தும் ஏற்பாடு இது. உண்மையில் இழுக்கும் உச்ச அளவு 88 வாட்டிலிருந்து 61க்கு வரும். 42 நிமிட ரெண்டர் 46 ஆனது. நான்கு நிமிடத்தைச் சந்தோஷமாகக் கொடுத்தேன். சில்லு 84 பாகைக்கு மேல் போகவில்லை.

அப்புறம் சத்தம். பின்பக்க விசிறியின் வயரில் மூன்று துளைகள். அதைச் செருகியிருந்த இடமோ நான்கு ஊசிகளுக்கான பி.டபிள்யூ.எம். முறையில், அதாவது நான்காவது ஊசியில் போகும் சமிக்ஞையால் வேகத்தை மாற்றும் முறையில், வைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் மூன்று துளை விசிறிக்கு எப்போதும் முழு 12 வோல்ட்டும் போகும். முழு வேகத்தில்தான் சுற்றும். பயோஸில் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் டி.சி. முறைக்கு மாற்றினேன், அடங்கிவிட்டது. விசிறியின் சுற்று பாதியானால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் சத்தம் 15 டெசிபல் அளவு விழும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதி போலத் தோன்றும். அதனால் வேகமாகச் சுற்றும் ஒரு விசிறியைவிட மெதுவாகச் சுற்றும் இரண்டு மேல்.

அம்மாவுக்கு ஏன் கடல் கேட்டது என்பது கடைசியில்தான் பிடிபட்டது. இந்த வகைப் புரொசசர்களில் ஒரு சின்ன வேலை வந்தாலும் சூடு ஒரு நொடியில் பத்துப் பாகை துள்ளும், உடனே இறங்கும். விசிறி அதோடு சேர்ந்து ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. நான் வீடியோவை முன்னும் பின்னும் இழுக்க இழுக்க அது அலையடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே மாதிரி இருக்கும் இரைச்சலைக் காது மறந்துவிடும், மாறுகிறதை மறக்காது. 70 பாகை வரை ஒரே வேகம், அதற்கு மேல் போனாலும் சில நொடி பொறுத்துத்தான் ஏற வேண்டும் என்று பயோஸில் வைத்தேன். அன்றிரவு அம்மா எழும்பவில்லை.

உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கம்ப்யூட்டருக்குள் சேரும் தூசி ஊதினால் பறக்காது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் கூலரின் தகடுகளில் நனைந்த பஞ்சு போல ஒட்டிக்கிடக்கும். பின்பக்கத் திருகாணிகள் இரண்டு இப்போதே துருப்பிடித்துவிட்டன. மாதம் ஒருமுறை கரண்டைக் கழற்றிவிட்டு, விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் துடைக்கிறேன். வாடை தொடங்கினால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது மிச்சம் இருப்பது பவர் சப்ளைக்குள் இருக்கும் விசிறி. அதன் பேரிங் தேய்ந்து டிக், டிக் என்கிறது. அதைத் திறந்து நானே மாற்றலாம் என்று ஒரு தம்பி சொன்னார். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வயரைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் நான் திறக்க மாட்டேன். இந்தக் கல்யாண வீட்டுக் காசு வந்ததும் முழுதாகவே மாற்றப் போகிறேன். அதுவரை, ரெண்டர் போடும் இரவுகளில் அம்மாவின் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன்.