விபத்துப் பதிவில் சாலையைக் காணோம்

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்…" தமிழ்நாட்டின் விபத்து எஃப்.ஐ.ஆர்.களில் பெரும்பாலானவற்றில் இந்த வரி இருக்கும். வழக்குப் பிரிவுகள் முன்பு இ.பி.கோ. 279, 304-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 281, 106(1). அந்தப் பிரிவுகள் நிற்க இந்த வரி வேண்டும், அதனால் எழுதுகிறார்கள். நீதிமன்றத்துக்கு அது போதும். விபத்து நடந்த வளைவை என்ன செய்யலாம் என்று யோசிக்கும் சாலைப் பொறியாளருக்கு அதில் ஒன்றுமே இல்லை. 2022-இல் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள்; அதில் ஏறக்குறைய 71 சதவீதத்துக்கு அதிவேகம்தான் காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் அளந்த வேகம் எவ்வளவு, இந்த வரியின் எதிரொலி எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து பிரிக்க வழியில்லை.

இதற்காகத்தான் சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து, விபத்து விவரங்களைப் பதியும் ஐராட் செயலியை உருவாக்கின. முதலில் இறங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இப்போது அதன் பெயர் இ-டார். போலீஸ் சம்பவ இடத்தில் பதிவைத் தொடங்கும். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர், நெடுஞ்சாலைப் பொறியாளர், மருத்துவமனை என்று ஒவ்வொருவரும் தங்கள் பகுதியை நிரப்ப வேண்டும். ஏற்பாடு நல்லதுதான். கெடுவது நிரப்பும் இடத்தில்.

முதல் கோளாறு, இடம். ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து சாவகாசமாகப் பதிந்தால், போன் ஸ்டேஷனின் ஜி.பி.எஸ். புள்ளியைத்தான் எடுத்துக்கொள்ளும். வரைபடத்தில் காவல் நிலைய வாசலிலேயே விபத்துகள் குவிந்து கிடந்தால் காரணம் இதுதான். வாகனங்களை அப்புறப்படுத்தும் முன், மோதிய இடத்தில் நின்று புள்ளியை எடுக்க வேண்டும். தசம இடங்களும் முக்கியம்: மூன்று இலக்கம் என்றால் சுமார் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம். மேம்பாலத்துக்குக் கீழே புள்ளி தாவும், அங்கே கிலோமீட்டர் கல்லையும் சேர்த்து எழுதுவது நல்லது. கல் எண் மட்டும் எழுதினால் இன்னொரு சிக்கல்: நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் வந்தபின் (பழைய 7 இப்போது 44) பழைய கணக்கும் புதுக் கணக்கும் கலந்துபோகும். நான்குவழிச் சாலையில் எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். ஜி.பி.எஸ். பிழையே ஐந்தாறு மீட்டர் வரும்போது, மீடியனுக்கு (நடுத்தடுப்புக்கு) இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது. "திருச்சி நோக்கிச் செல்லும் பாதை" என்ற ஒரு சொற்றொடர் போதும்.

அடுத்து நேரம். விபத்து நடந்த நேரமும் புகார் வந்த நேரமும் வேறு. இரண்டாவதை முதலாவதன் இடத்தில் போட்டால், விடிகாலை 4 மணி விபத்து காலை 8 மணி விபத்தாகிவிடும். வெளிச்சக் குறைவு என்ற காரணமே பதிவிலிருந்து மறைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது மோதல் வகை. போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரோடு போடும் மாதிரி வரைபடத்தில் இது ஏற்கெனவே இருக்கிறது. செயலிக்குள்தான் வந்து சேர்வதில்லை. ஒரே இடத்தில் நடந்த பத்து விபத்துகளை எடுத்து, அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை ஒதுக்கி, பகலா இரவா, ஈரமா உலர்வா, யார் எந்தத் திசையில் போனார்கள் என்று அம்புக்குறியால் போட்டுப் பாருங்கள். இரவில் பின்பக்க மோதல் ஆறு என்றால், ஓரமாக நிறுத்தப்பட்ட லாரிகளைத் தேட வேண்டும்: லாரி நிறுத்துமிடம், ஒளிரும் பட்டை, ரோந்து. மீடியன் இடைவெளியில் பக்கவாட்டு மோதல் என்றால், இடைவெளியை மூடி, சர்வீஸ் ரோடு வழியே திருப்ப வேண்டும். நடந்து கடப்பவர்கள் அடிபட்டால் வேகத்தடை மட்டும் போட்டு நிறுத்தக் கூடாது. நடுவில் நின்று கடக்க ஒரு திட்டும் விளக்கும் வேண்டும். இந்தப் படம் இல்லாமல் எல்லா இடத்துக்கும் ஒரே மருந்தாக "விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்" பலகை வைக்கிறார்கள்.

காயத்தின் தன்மையும் வழுக்கும். முதல் நாள் "சாதாரண காயம்" என்று பதிந்தது, காயச் சான்று வந்தபின் எலும்பு முறிவு, அதாவது கொடுங்காயம் என்று ஆகும். பத்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தால் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு ஆல்டரேஷன் ரிப்போர்ட் போகும். செயலியில் பழைய பதிவு அப்படியே நின்றால், 30 நாளுக்குள் இறந்தவர் கணக்கில் ஒரு சாவு குறைகிறது.

இது ஏன் பெரிய விஷயம்? தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தைக் கரும்புள்ளி, அதாவது விபத்துகள் குவியும் இடம் என்று அறிவிக்க, சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் சாவோ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 சாவுகள் என்பது அளவுகோல். இரண்டு பதிவு தவறினால் அந்த இடம் பட்டியலுக்கே வராது. 500 மீட்டரைக் கல்லிலிருந்து கல்லுக்கு வெட்டிக் கணக்கிட்டாலும் இதே கதி. எல்லையில் குவிந்த விபத்துகள் இரண்டு துண்டிலும் மூன்று மூன்றாகப் பிரிந்துவிடும். அந்த 500 மீட்டர் துண்டை 100 மீட்டர் வீதம் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதே சரி.

சரிசெய்த பிறகு "விபத்து பாதியாகக் குறைந்தது" என்று ஒரே ஆண்டுக் கணக்கைக் காட்டுவார்கள். நம்ப வேண்டாம். மிக மோசமான ஆண்டுகளைப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் அடுத்த ஆண்டு கொஞ்சம் குறைந்திருக்கும். முன் மூன்று ஆண்டு, பின் மூன்று ஆண்டு, பக்கத்திலேயே கைவைக்காத அதே மாதிரி ஒரு சந்திப்பு: இவற்றை ஒப்பிட்ட பிறகு பேசலாம்.

உங்கள் ஊர்ச் சந்திப்புக்காக ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு எழுதுவதானால், "அடிக்கடி விபத்து நடக்கிறது" என்று எழுதாதீர்கள். தேதி, நேரம், குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்), எந்தத் திசை, எந்த வகை மோதல் என்று ஒரு அட்டவணையும், கைப்பட வரைந்த ஒரு படமும் இணையுங்கள்.