பாறையை விடாத தலைப்பிரட்டைகள்

இடுக்கிப் பக்கம் இன்று ஓர் ஓடை. கால் வைத்தால் ஆளை இழுக்கும் வேகம். அந்த இழுப்பிலும் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருந்தன, கருத்த தலைப்பிரட்டைகள்.

ஊதாத் தவளையின் குஞ்சுகள். வாய் அடிப்பக்கம் இருக்கும், ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுகிண்ணம் மாதிரி. அதால் கவ்விக்கொண்டே பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும்.

தாய் தகப்பனைப் பார்ப்பது அபூர்வம். மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழும் பிறவி. மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் மேலே வரும். அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்ததே 2003ல்தான்.

ஓடையோரப் பாறைக்குழிகளில் ஆயிரக்கணக்கில் முட்டை. மழை விட்டால் குழி காயும், கொட்டித் தீர்த்தால் அடித்துப் போகும். தப்பியவை மூன்று மாதத்துக்கு மேல் ஓடும் நீரிலேயே வளர வேண்டும். குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினால் தேங்கிய நீரில் வண்டல் படியும், பாறை மூடும், பிடிமானம் போச்சு. தடுப்பணை என்றாலே நல்லது என்று யார் சொன்னது?

2004ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். இதை 'அருகிவரும்' பட்டியலில் வைத்தது. எண்ணிக்கை குறைந்தால்தான் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்றில்லை. பரவல் 5,000 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கி, வாழிடம் துண்டாகித் தேய்ந்துகொண்டிருந்தாலும் சேர்ப்பார்கள்.

நம் தமிழ்நாட்டுப் பக்கம் இதற்குச் சொந்தம் ஒன்று உண்டு: பூபதி தவளை, திருவில்லிபுத்தூர் மலைச்சரிவு, பெயர் வைத்தது 2017ல். அது வடகிழக்குப் பருவமழைக்காரன். ஜூனில் போய்த் தேடிவிட்டு 'இங்கே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.