சாயங்காலத்துக்கு ஒரு தொட்டி குளிர்

14 வருடமாக ஒரு ஜவுளிக்கடையின் ஏசி பிளாண்டைப் பார்த்துக்கொள்கிறேன். திருநெல்வேலிப் பக்கம், நாலு மாடிக் கடை, கீழே ரெடிமேட், இரண்டாவது மாடி முழுக்கப் பட்டு. எங்கள் குளிர்நீர்த் தொட்டியைப் பற்றி மற்ற ஊர்க் கடைகளில் இதே வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தெரிந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஆபீஸ் கட்டடத்துக்கு மத்தியானம்தான் உச்சம். ஜவுளிக்கடைக்கு அப்படி இல்லை. மத்தியானம் 2 மணிக்கு வெளியே 38 டிகிரி அடிக்கும்போது உள்ளே சேல்ஸ் பெண்கள் விரித்த சேலைகளை மடித்துக்கொண்டிருப்பார்கள், ஆள் இருக்காது. விளக்கு வைத்த பிறகுதான் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஒரு ஆள் சும்மா நடமாடினாலே 100 வாட்டுக்கு மேல் வெப்பம் விடுகிறார், ஆயிரம் பேர் உள்ளே இருந்தால் அவர்களுக்கு மட்டுமே 35 டன் ஏசி வேண்டும், அதோடு கதவு சாத்துவதற்கே இடைவெளி கிடைக்காமல் வெளிக்காற்று வேறு ஈரத்தோடு உள்ளே வந்துகொண்டே இருக்கும். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் எங்கள் இரண்டு சில்லரும் (ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) முழு மூச்சில் ஓடியும் போதாது.

ஊரே லைட்டும் ஃபேனும் போடுவது அதே நேரத்தில்தான். அதனால்தான் உயரழுத்த இணைப்புக்காரர்களுக்கு மாலை உச்ச நேரத்தில் யூனிட் விலை கூடுதல். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விதித் திருத்தப்படி, 2024 ஏப்ரல் முதல் 10 கிலோவாட்டுக்கு மேல் போகும் வணிக, தொழில் இணைப்புகளுக்கு நேரத்துக்கு நேரம் விலை மாற வேண்டும்: வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் கூடுதல். எந்த மணியிலிருந்து எந்த மணி என்பதை அந்தந்த மாநில ஆணையம் முடிவு செய்யும். நமக்கு வியாபாரம் நடக்கும் நேரமும் கரண்ட் விலை ஏறும் நேரமும் ஒன்றாக இருக்கிறதே, இதற்கு என்ன வழி என்று யோசித்தபோதுதான், விலை குறைந்த நேரத்தில் தண்ணீரைக் குளிர்வித்து வைத்துச் சாயங்காலம் எடுக்கும் தொட்டி நினைவுக்கு வந்தது. சென்னையில் ஐஐடி ரிசர்ச் பார்க்கில் குளிர்நீரைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்பது முன்பே தெரியும்.

தண்ணீரா ஐஸா என்பதில்தான் எங்களுக்கு இரண்டு மாதம் போனது. கணக்கு இதுதான்: ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், ஒரு கிலோ தண்ணீர் 6 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கு ஏறும்போது வாங்குவது வெறும் 29தான். குழாய், இடைவெளி எல்லாம் சேர்த்தாலும் ஐஸ் தொட்டிக்கு ஆறில் ஒரு பங்கு இடம் போதும். ஏசியை நாம் டன் கணக்கில் சொல்வதே ஐஸிலிருந்து வந்ததுதான், 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு குளிர் கிடைக்குமோ அதுதான் ஒரு டன். சென்னை மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம் 1842இல் ஐஸ் வைக்கக் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரியில் உறைந்ததை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்து நம் வெயிலில் விற்றார் ஃபிரெடரிக் டியூடர். குளிரைக் கிடைக்கும் நேரத்தில் பிடித்து வைத்து வேண்டும் நேரத்தில் எடுப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை, அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும்.

ஆனாலும் நான் தண்ணீரைத்தான் கேட்டேன். ஐஸ் பிடிக்க வேண்டுமானால் கிளைக்கால் (உறையாமல் இருக்கச் சேர்க்கும் திரவம்) கலந்த தண்ணீரை மைனஸ் 5, மைனஸ் 6 டிகிரியில் அனுப்ப வேண்டும், சாதாரண சில்லர் அதற்குச் சரிப்படாது, சரிப்படுகிற சில்லரும் அந்த வேலையில் மூன்றில் ஒரு பங்கு திறனை இழக்கும், யூனிட்டும் கூடுதலாக இழுக்கும். எங்களுக்குப் பின்பக்கம் லாரி நிறுத்தும் இடம் இருந்தது, இருக்கிற சில்லரே போதும். நகரத்து நடுவே இஞ்ச் இடம் இல்லாத கடை என்றால் ஐஸ்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தீயணைப்புக்கான சம்ப்பையே பயன்படுத்திவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எட்டடி ஆழச் சம்ப் இதற்கு ஒத்துவராது, உயரமான தொட்டிதான் வேண்டும். ஏன் என்பதற்கு வருகிறேன்.

5 மீட்டர் விட்டம், 9 மீட்டர் உயரம், சுமார் 1,75,000 லிட்டர், சுற்றிலும் இன்சுலேஷன். இதில் உருப்படியாக எடுக்கக்கூடியது 350 டன்-மணி (ஒரு டன் குளிரை ஒரு மணி நேரம் கொடுத்தால் ஒரு டன்-மணி), 4 மணி நேரத்துக்குப் பிரித்தால் 90 டன்னுக்குச் சற்றுக் குறைவு. எங்களுடையது காற்றால் குளிரும் சில்லர், டன்னுக்கு 1.2 கிலோவாட் வைத்தால் சாயங்காலம் கரண்ட் இழுப்பு 100 கிலோவாட்டுக்கு மேல் இறங்குகிறது.

தொட்டி நின்ற அன்று முதலாளி அண்ணாச்சி வந்து பார்த்தார். "என்ன தம்பி, தொட்டி எப்பமும் நெறஞ்சுதான கெடக்கு, இதுல எதச் சேத்து வைக்கிய?" என்றார். சரியான கேள்வி. குளத்தில் முங்கிக் குளித்தவர்களுக்குப் பதில் தெரியும்: மேலே வெதுவெதுப்பு, காலடியில் சில்லென்று இருக்கும். குளிர்ந்த தண்ணீர் கனம், கீழே தங்கும், சூடு மேலே நிற்கும், கலக்காமல் பார்த்துக்கொண்டால் நடுவில் தடுப்பே வேண்டாம். சேமிக்கும்போது மேலிருந்து சூட்டை எடுத்துக் குளிராக்கிக் கீழே விடுகிறோம், எடுக்கும்போது கீழிருந்து குளிரை எடுத்து மாடிகளைச் சுற்றவிட்டுச் சூடாக வருவதை மேலே விடுகிறோம். உயரம் வேண்டும் என்றது இதனால்தான். தண்ணீர் அதிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில், அதற்குக் கீழே போனால் அடுக்கு கலைந்துவிடும். கேட்டுவிட்டு அண்ணாச்சி, "அப்ப மட தொறக்குத மாதிரி, தண்ணிக்குப் பதிலா குளிர் போவுது" என்றார். அன்றிலிருந்து எங்கள் பிளாண்டில் சாயங்காலம் வால்வைத் திருப்புவதற்கு மடை திறப்பது என்றுதான் பேர்.

முதல் தீபாவளிக்கு அது சரியாகத் திறக்கவில்லை. இரவு எட்டரை மணி, பட்டு செக்ஷனில் தெர்மாமீட்டர் 25 காட்டுகிறது, ஆனால் புழுக்கம். ஒரு அம்மா விரித்த சேலையைத் தொடவே தயங்கிக் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஓடிப்போய்த் தொட்டி சென்சார்களைப் பார்த்தேன், மீட்டருக்கு ஒன்று இருக்கிறது. கீழே 7, மேலே 13 என்று நடுவில் சட்டென்று மாற வேண்டிய இடத்தில் 10, 10, 11, 11, 11 என்று எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. 11 டிகிரித் தண்ணீர் அறையைக் குளிர்விக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தைப் போதுமான அளவு எடுக்காது. தொட்டி போட்டுக் கொடுத்தவர்கள் உள்ளே வரும் குழாயை வெறுமனே திறந்து விட்டிருந்தார்கள், தண்ணீர் பீய்ச்சி அடித்து எல்லாவற்றையும் கலக்கிவிட்டது. தை மாதம் தொட்டியைக் காலி செய்து, மேலும் கீழும் எண்கோண வளையமாகக் குழாய் போட்டு, கீழ் வளையத்தின் துளைகள் தரையைப் பார்க்க, மேல் வளையத்தின் துளைகள் மேலே பார்க்க, மெல்லக் கசிவதுபோல் தண்ணீர் வர வைத்தோம். அடுத்த நாள் சென்சாரில் 6, 6, 6, 7, 12, 13. அந்த ஒரு மீட்டருக்குள் நடக்கும் தாவலைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

இது யூனிட்டை மிச்சப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யூனிட் கிட்டத்தட்ட அதேதான், எரியும் நேரம்தான் மாறுகிறது. ராத்திரி காற்றின் குளிர்ச்சியில் சில்லர் கொஞ்சம் லேசாக ஓடும், அந்த லாபம் தொட்டிக்குள் கசியும் வெப்பத்துக்கும் பம்புக்கும் சரியாகிவிடும். முன்பெல்லாம் முழுக்க ராத்திரியில்தான் நிரப்புவோம், இப்போது பாதி ராத்திரி, மீதி காலை 10 முதல் 3 வரை மாடியிலிருக்கும் சோலாரில். டிமாண்ட் சார்ஜிலும் (ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச அளவுக்கான கட்டணம்) ஒரு சூட்சுமம் உண்டு. மீட்டரில் பதிவான டிமாண்ட், சாங்ஷன் டிமாண்டில் (நமக்கு அனுமதித்த அளவில்) 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில் வரும். அதனால் ஒரு தீபாவளி முழுக்கத் தாண்டிப் பார்த்துவிட்டு, சாங்ஷன் டிமாண்டைக் குறைக்க எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மீட்டரில் இறங்கியது பில்லில் இறங்காது. அப்புறம், கரண்ட் போனால் பம்பையும் ஃபேனையும் மட்டும் ஜெனரேட்டரில் போட்டுக்கொள்ளலாம், குளிர் தொட்டியில் இருக்கிறது. இதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை, ஆனால் அண்ணாச்சிக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

யாரையும் கூப்பிட்டு விலை கேட்கும் முன் ஒரு நோட்டில் மணிக்கு மணி சில்லர் ஆம்பியரை ஒரு மாதம் எழுதுங்கள், அதில் ஒரு முகூர்த்த வாரம் கட்டாயம் இருக்கட்டும். நகை கவுன்டரில் பழைய ஹாலஜன் விளக்கு இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், தொட்டியே சின்னதாகிவிடும்.

இதை எழுதி முடிக்கும்போது மணி 5.55. ஷிஃப்டில் இருக்கும் பையன் மெசேஜ் போட்டிருக்கிறான்: "அண்ணே, கீழ 6, மேல 6. மட தொறக்கட்டா?"