பேரங்காடியில் பில் போடும் முன்

சிங்கப்பூரில் அரசு குடும்பங்களுக்குக் கைப்பேசி வழியாகத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு 2, 5, 10 வெள்ளியாகத்தான் கழியும், மீதிச் சில்லறை வராது. பில் 23.40 வெள்ளி என்றால் கைப்பேசியில் 25 வெள்ளிக்குச் சீட்டைத் தட்டாதீர்கள், 1.60 போய்விடும். இரண்டு பத்து, ஒரு இரண்டு தட்டிவிட்டு மிச்சம் 1.40-ஐக் கார்டில் கட்டுங்கள். உணவங்காடி, அக்கம்பக்கக் கடைகளுக்கென ஒதுக்கிய பாதி இங்கே செல்லாது. அதை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் மீனுக்கும் கறிக்கும் வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

தானே பில் போடும் இயந்திரத்தில் எடைத்தட்டு இருந்தால், ஸ்கேன் செய்த பொருளை உடனே அதில் வையுங்கள். கையிலேயே வைத்திருந்தாலோ, கைப்பையைத் தட்டில் சாய்த்தாலோ எடை ஒத்துப்போகாமல் இயந்திரம் நின்றுவிடும். ஊழியர் வந்துதான் விடுவிக்க வேண்டும், பாவம், ஒருவரே பல இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார். எடை போட்டு விற்கும் வெண்டைக்காய், தக்காளிக்குக் காய்கறிப் பகுதியிலேயே விலைச்சீட்டு ஒட்டி வாங்கிவிடுங்கள்.

பை கொண்டுபோங்கள். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு.

'இரண்டு வாங்கினால் விலை குறைவு' சலுகையில், அதில் சேராத பொருள் கலந்துபோனால் தள்ளுபடி விழாது. கட்டும் முன் தள்ளுபடி விழுந்திருக்கிறதா என்று திரையில் பாருங்கள்.