கூரையைக் கழற்றிய அரசர்

போன ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு ரீவோ மடாலயத்துக்குப் போய் வந்தேன். இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து வடக்கே ஹெல்ம்ஸ்லி வரை போய், அங்கிருந்து மரங்களுக்கிடையே சரிவில் இறங்கினால், ரை ஆற்றுப் பள்ளத்தாக்கில் அது திடீரென்று கண்ணில் படும். மூன்று அடுக்காக வளைவுகள், அவற்றுக்கு மேலே வெறும் வானம். கூரை கிடையாது.

பள்ளியில் அவளுக்கு இந்தப் பருவத்தில் 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி பாடம். ஆறு மனைவிகளுக்கும் என்ன ஆயிற்று என்று வரிசை மாறாமல் ஒப்பிப்பாள். வளைவுகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதையெல்லாம் அந்த ராஜாவா இடிச்சாரு?" என்று கேட்டாள்.

"இடிக்கவே வேண்டாம் கண்ணு. கூரையைக் கழற்றிட்டா போதும், மழை பாத்துக்கும்."

இதை நான் தெரிந்துதான் சொன்னேன். யார்க்ஷயரின் பழைய தேவாலயங்களில் எங்கே ஒழுகுகிறது, எதை மாற்ற வேண்டும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் ஒன்பது வருடமாக என் வேலை. அந்தக் கூரைகளில் மரச்சட்டத்தின் மேல் காரீயத் தகடு போர்த்தியிருப்பார்கள். நன்றாகப் போட்டால் நூறு வருடத்துக்கு மேல் தாங்கும். ஒரு தகட்டில் மட்டும் விரிசல் விட்டால்கூடப் போதும், தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிடும். உத்தரத்தின் முனை சுவருக்குள் போகும் இடம்தான் முதலில் உளுக்கும். விரலால் அழுத்தினால் நனைந்த ரொட்டி மாதிரி உள்ளே போகும். அப்புறம் கல் வளைவுக்குப் பிடிப்பு போய்விடும். இன்றைக்கும் இங்கே ராத்திரியில் தேவாலயக் கூரை ஏறிக் காரீயம் திருடுகிறார்கள். காலையில் போய்ப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஹென்றியின் ஆட்கள் பகலிலேயே, சட்டத்தின் பலத்தோடு வந்தார்கள்.

இத்தனைக்கும் 17 வயதில், 1509-இல் பட்டத்துக்கு வந்த ஹென்றி போப்பின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். போப்பை எதிர்த்துக் கிளம்பிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதரை மறுத்து 1521-இல் அவர் பெயரில் ஒரு நூல் வந்தது. மகிழ்ந்துபோன போப் பத்தாம் லியோ, 'விசுவாசத்தின் காவலர்' என்ற பட்டம் கொடுத்தார். இப்போதும் என் பர்ஸில் கிடக்கும் நாணயத்தில், மன்னர் சார்லஸின் பெயரை ஒட்டி 'எஃப் டி' என்று இரண்டு எழுத்து இருக்கிறது. அந்தப் பட்டம்தான் அது. மகளிடம் ஒரு பவுண்டு நாணயத்தை எடுத்துக் காட்டினேன். கையில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு நடந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண் வாரிசு இல்லை, அராகன் கேத்தரினுடனான திருமணத்தைச் செல்லாததாக்க வேண்டும், கேத்தரினின் அக்கா மகன் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குப் பயந்து போப் இழுத்தடிக்கிறார். 1533-இல் ஆன் பொலினுடன் திருமணம், 1534-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் அரசரே என்று சட்டம். அதை ஏற்று உறுதிமொழி எடுக்க மறுத்த முன்னாள் அமைச்சர் தாமஸ் மோர், 1535 ஜூலையில் தலையை இழந்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதே 1535-இல் நடந்த இன்னொரு காரியம். ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஏற்பாட்டில், நாட்டிலுள்ள தேவாலயங்கள், மடாலயங்கள் எல்லாவற்றின் வருமானத்தையும் கணக்கெடுத்தார்கள். அடுத்த வருடமே, ஆண்டுக்கு 200 பவுண்டுக்குக் குறைவாக வருமானம் உள்ள மடாலயங்களை மூடச் சட்டம் வந்தது. துறவிகளின் ஒழுக்கக்கேடுதான் காரணம் என்றார்கள். ஒழுக்கத்தை வருமானத்தை வைத்து அளக்க முடியுமா? 1540-க்குள் பெரியது சிறியது எல்லாம் போயின, ஏறக்குறைய 800.

வடக்கே மக்கள் சும்மா இருக்கவில்லை. 1536 அக்டோபரில் யார்க்ஷயரில் முப்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். கிறிஸ்துவின் ஐந்து காயங்களை வரைந்த கொடி. தலைமை ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர், ஒரு கண் இல்லாதவர். மடாலயங்கள் ஏழைகளுக்குச் சோறு போட்டன, வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுத்தன, இந்த நாட்டின் அழகுகளில் ஒன்று அவை என்று, பிடிபட்டு விசாரணையில் இருந்தபோதும் சொன்னவர். மன்னிப்பு உண்டு, யார்க்கிலேயே நாடாளுமன்றம் கூட்டுகிறேன் என்று அரசர் கொடுத்த வாக்கை நம்பிப் படையைக் கலைத்தார். 1537 ஜூலையில் யார்க்கில் சங்கிலியில் கட்டித் தொங்கவிடப்பட்டார். வேலைக்குப் போகும் வழியில்தான் யார்க் கோட்டை. அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் நினைப்பு வரும்.

ரீவோவின் முறை 1538 டிசம்பரில் வந்தது. ஏல்ரெட் தலைவராக இருந்த 12-ஆம் நூற்றாண்டில் இங்கே 640 பேர் இருந்ததாக அவருடன் வாழ்ந்த துறவி எழுதிவைத்திருக்கிறார். மூடும்போது எஞ்சியவர்கள் இருபது சொச்சம் பேர்தான். இடம் ரட்லண்ட் பிரபுவுக்குப் போனது. ஆனால் கூரைக் காரீயமும் மணிகளும் அரசருக்கு. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், உலை தேவையில்லை, விறகுத் தீ போதும். பல மடாலயங்களில் கூரையின் சொந்த மரத்தையே விறகாக்கினார்கள்.

துறவிகளுக்கு ஓய்வூதியம் கொடுத்தார்கள். கன்னியாஸ்திரீகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மிகச் சொற்பம். அதோடு 1539-இல் வந்த 'ஆறு விதிகள்' என்ற சட்டம், எடுத்த பிரம்மச்சரிய விரதம் எடுத்ததுதான், மடம் போனாலும் திருமணம் கூடாது என்றது. தங்கியிருந்த வீட்டையும் பறித்துவிட்டு வேறு வீடு அமைத்துக்கொள்ளவும் விடவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு ஹென்றிமேல் உண்மையாகவே கோபம் வருகிறது.

நல்லது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. ஒவ்வொரு தேவாலயத்திலும் ஆங்கில பைபிள் வைக்க வேண்டும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1538-இல் உத்தரவு போனது. அரசர் வீட்டுப் பிறப்பு இறப்பு போலவே உழவன் வீட்டுப் பிறப்பு இறப்பும் ஊர்தோறும் ஏட்டில் ஏறத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் பைபிளைக் கொடுத்த கையே 1543-இல் அதைப் பிடுங்கியது. சாதாரணப் பெண்கள், கைவினைஞர்கள், உழவர்கள், கூலியாட்கள் அதைப் படிக்கக் கூடாது என்று சட்டம். 1540 ஜூலை 30 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் மூன்று புராட்டஸ்டண்டுகளை எரித்து, அதே நாளில் போப்பை விடாத மூன்று கத்தோலிக்கர்களையும் தூக்கில் போட்டார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஹென்றியோ 1547-இல் சாகும்வரை லத்தீன் பூசையை விடவில்லை. தன் ஆன்மாவுக்காகப் பூசை செய்யச் சொல்லி உயிலும் எழுதினார்.

ரீவோவின் அருங்காட்சியகத்தில் ஒரு காரீயப் பாளம் வைத்திருக்கிறார்கள். அரை டன் எடை, மேலே ஹென்றியின் முத்திரை. உருக்கி வார்த்துக் கொண்டுபோக வைத்திருந்த சில பாளங்களின் மேல் கட்டடம் சரிந்து மூடிவிட்டது. ஏறத்தாழ 400 வருடம் கழித்து, 1920-களில் இடிபாட்டை அகற்றியபோது அவை கிடைத்தன. அப்போது யார்க் பெருந்தேவாலயத்தில் 'ஐந்து சகோதரிகள்' என்ற 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சாளரத்தை, முதல் உலகப் போரில் இறந்த பெண்களின் நினைவாகச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்க ரீவோவின் காரீயத்தை அதற்குக் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பியதும் நேரே அங்கேதான் போனோம். மூடுவதற்கு அரைமணி நேரம்தான் இருந்தது. பச்சையும் சாம்பலுமான கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஓடும் கறுப்புக் கோடுகளைக் காட்டி, "அதுதான், நாம பாத்த கூரை" என்றேன். நான் போதும் என்று சொல்லும்வரை மகள் அங்கிருந்து நகரவில்லை.