சார்ஜரோடு உட்கார்ந்து எழுதிய விமர்சனங்கள்

கேம் விமர்சகனாக இருந்தபோது பிரேவ்லி டிஃபால்ட் என்ற வீடியோ கேமுக்கு நான் எழுதிய விமர்சனத்தை இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. நிண்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்காக 2012இல் முதலில் ஜப்பானில் வெளியான ஆர்பிஜி அது, அதாவது சண்டை போட்டுப் போட்டு நம் ஆட்களை வலுவாக்கிக்கொண்டே போகும் கதை விளையாட்டு. நடந்து போகும்போது திடீரென்று எதிரி முளைத்துச் சண்டை தொடங்குமே, அது எவ்வளவு அடிக்கடி நடக்கலாம் என்பதை அதில் நாமே மாற்றிக்கொள்ளலாம். இரட்டிப்பாக்கலாம், அடியோடு நிறுத்தவும் செய்யலாம். விமர்சனம் எழுதித் தர என் கையில் இருந்தது ஐந்து நாள். சரி என்று நிறுத்திவிட்டுக் குகை குகையாக ஓடினேன். சண்டையே போடாதவனுக்கு லெவல் எப்படி ஏறும்? பாஸிடம், அதாவது கட்டத்தின் பெரிய எதிரியிடம், போய் நின்றால் என் ஆட்கள் நால்வரும் வரிசையாக விழுந்தார்கள். கடைசியில் ‘பாஸ் சண்டைகள் தேவைக்கு மேல் கடினம்’ என்று எழுதி அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அந்த கேமின் உண்மையான குறை பிற்பாதியில் இருக்கிறது. ஏற்கெனவே தோற்கடித்த பாஸ்களோடு திரும்பத் திரும்ப மோத வைப்பார்கள். அதை நான் எழுதவில்லை. எழுதும்போது அவ்வளவு தூரம் நான் போயிருக்கவே இல்லை.

விமர்சகர்களுக்கு அனுப்பும் பிரதி வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால்தான் வரும். 40, 50 மணி நேரம் ஓடும் கேமாக இருந்தாலும் அதே சில நாள்தான். ஆகவே மேசையில் உட்கார்ந்து, கன்சோலைச் சார்ஜரில் செருகி, பக்கத்தில் குறிப்பு நோட்டோடு விளையாடுவேன். வாங்குகிறவர் அப்படியா விளையாடுகிறார்? படுக்கையில் சாய்ந்தபடி இருபது நிமிடம், பயணத்தில் அரைமணி, அப்புறம் மூன்று நாள் தொடவே மாட்டார். சோனியின் பிஎஸ்பி என்ற கையடக்கக் கன்சோலில் கேம் யுஎம்டி என்ற சின்ன வட்டில் வந்தது. வட்டு சுழன்று அடுத்த காட்சி வரும்வரை நான் தண்ணீர் குடித்துக்கொண்டு, குறிப்பெழுதிக்கொண்டு இருப்பேன். பத்து நிமிட இடைவேளையில் விளையாடுகிறவருக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

போகிமான் ஃபயர்ரெட் (2004) ஒரு நல்ல காரியம் செய்யும். சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்ததும், கடைசியாக நாம் என்னென்ன செய்தோம் என்று சில காட்சிகளை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் விடும். எனக்கு அது தொல்லை. பட்டனை அழுத்தித் தாண்டிவிடுவேன். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு விட்ட இடம் எனக்கு மறந்தால்தானே! விமர்சனத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அட்வெஞ்சர் கேம்களில் அவசரம் வேறு விதமாக மாட்டிவிடும். செல்டா வரிசையில் 2007இல் டிஎஸ் என்ற இரட்டைத் திரைக் கையடக்கக் கன்சோலுக்கு வந்த ஃபேண்டம் அவர்கிளாஸில் ஒரு இடம். மேல்திரையில் ஒரு சின்னம், கீழ்த்திரையில் கடல் வரைபடம். சின்னத்தை வரைபடத்தின்மேல் அழுத்திப் பதிக்க வேண்டும். ஸ்டைலஸ் குச்சியால் தேய்த்தேன், தட்டினேன், வட்டம் போட்டேன். மைக்கில் ஊதிக்கூடப் பார்த்தேன், ஏனென்றால் அதே கேமில் ஊதி மெழுகுவர்த்தி அணைக்கும் வேலையும் உண்டு. முக்கால் மணி நேரம் போயிற்று. டெட்லைன் நினைவு வர, கடுப்பில் கன்சோலைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்துபோனேன். திரும்பி வந்து திறந்தால் சின்னம் பதிந்திருக்கிறது! மேல்திரையைக் கீழ்த்திரைமேல் மூடுவதுதான் விடை. தொலைக்காட்சியோடு இணைக்கிற எந்தக் கன்சோலிலும் இப்படி ஒரு புதிரை வைக்க முடியாது.

இதை வாசகரிடம் சொன்னால் புதிர் போச்சு. சொல்லாவிட்டால் கேமின் அருமையே தெரியாது. ‘டிஎஸ்ஸின் உடலையே பயன்படுத்தும் ஒரு புதிர் உண்டு’ என்று மழுப்பினேன். (2013இல் வந்த 2டிஎஸ் கன்சோலிலும் இந்த கேம் ஓடும், ஆனால் அது மடங்காது. அதில் கன்சோலைத் தூங்க வைக்கும் ஸ்லீப் ஸ்விட்சைத் தள்ளினால் சின்னம் பதிந்துவிடும். ஆனால் கடுப்பில் ஸ்லீப் ஸ்விட்சைத் தள்ளுகிறவர் யார்?)

கையிலும் தொலைக்காட்சியிலும் விளையாடக்கூடிய நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் வந்தபின் கழுத்து வலிக்குப் பயந்து ஒரு ஆர்பிஜி முழுவதையும் தொலைக்காட்சியில் விளையாடி எழுதினேன். ‘கையில் வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, அதைச் சொல்லவே இல்லையே’ என்று ஒரு வாசகர் கேட்டார். 6.2 அங்குலத் திரையில் அந்த எழுத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு கேமிலும் ஒரு மணி நேரமாவது சார்ஜரைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டு விளையாடுவதை வழக்கமாக்கினேன். இரண்டு வாரம் தள்ளி எழுதட்டுமா என்று ஆசிரியரிடம் கேட்டும் பார்த்தேன். “வெளியான அன்னைக்கே எல்லாரும் படிச்சு முடிச்சிருவாங்க, அப்புறம் யாருக்கு எழுதுவீங்க?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

இப்போது அந்த வேலையில் இல்லை. பிரேவ்லி டிஃபால்ட்டை முதலிலிருந்து ஆரம்பித்து, இரவில் இருபது நிமிடம் என்று இரண்டு மாதமாக விளையாடுகிறேன், எதிரிகள் வருகிறபடி வரட்டும் என்று விட்டுவிட்டு. அன்றைக்கு என்னை உருட்டிய பாஸ் முதல் முயற்சியிலேயே விழுந்தான். பிற்பாதிக்கு வந்துவிட்டேன். நேற்று ராத்திரி அவனே மறுபடியும் எதிரே வந்து நின்றான்.