அம்மாவின் எண்ணூறு

நவம்பர் 1

அம்மாவின் மாருதி 800 கார் புகைகிறது. எஞ்சினின் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். ஒன்றும் மூன்றும் காய்ந்த பழுப்பு. இரண்டாவது மட்டும் பஜ்ஜிக் கடைக் கரண்டி மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு.

கம்ப்ரஷன், அதாவது மூன்று சிலிண்டரிலும் அழுத்தம், 150, 95, 145 psi. இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன், 140. ஆயில் விட்டதும் ஏறினால் கோளாறு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். புகைக்குக் காரணம் வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கிற சீலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சீல் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ரிங் என்றால் எஞ்சினே கீழே இறங்கணும்.

28ஆம் தேதி அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். அதற்கு முன் ஒரு தடவையாவது ஓட்டிவிடணும் என்கிறாள்.

நவம்பர் 2

மழை.

நவம்பர் 4

இறக்கியாச்சு. மாடிவீட்டு மாமா, அவர் பையன், நான், ஒரு மூங்கில், தாம்புக்கயிறு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து "லெஃப்ட்ல, லெஃப்ட்ல" என்று கத்திக்கொண்டே இருந்தாள். பழைய டயர் மேல் உட்கார வைத்திருக்கிறோம்.

10 மி.மீ. சாக்கெட்டைக் காணோம்.

நவம்பர் 5

இரண்டாவது பிஸ்டனில் ஆயில் ரிங் அசையவே இல்லை. பள்ளம் முழுக்கக் கரி. வழித்த ஆயில் திரும்பிப் போகிற துளைகள் அத்தனையும் அடைத்துக் கிடக்கின்றன. வழிக்காத ஆயில் மேலே போய் எரியாமல் என்ன செய்யும்? மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.

மற்ற இரண்டிலும் ரிங் விரலுக்கே சுழல்கிறது. ஏன் இரண்டாவது மட்டும்? நடுவில் இருப்பதால் சூடு அதிகமா? அப்படியென்றால் ஊரில் ஓடும் மூன்று சிலிண்டர் வண்டியெல்லாம் இப்படிப் புகைய வேண்டுமே.

நவம்பர் 6

அம்பத்தூர் லேத் பட்டறை. இரண்டாவது போரின், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின், மேல்பக்கம் 0.14 மி.மீ. தேய்மானம், அடியில் ஒன்றுமே இல்லை. உச்சியில், ரிங் எட்டாத இடத்தில், நகம் தட்டுகிற மாதிரி ஒரு படி. கல்லால் லேசாகத் தேய்க்கிற ஹோனிங்கோடு தப்பிக்க முடியாது. 0.50 ஓவர்சைஸ்: 68.5 மி.மீ. போர் 69 ஆகும். "பிஸ்டனை என் கையில கொடுக்காம போர்ல கை வைக்க மாட்டேம்மா" என்றார் லேத் அண்ணா. சரியான ஆள்.

"ஒண்ணு கெட்டதுக்கு மூணையும் மாத்தணுமா? எனக்கு ஒரு முட்டிதானே மாத்தறாங்க?" என்கிறாள் அம்மா.

நவம்பர் 9

ரசம் சாதம் சாப்பிடும்போது, கேட்காமலே சொன்னாள்.

"பத்தாவது பரீட்சை டியூட்டி. பட்டாபிராம் தாண்டினதும் ஹீட் முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. திருவள்ளூர் வரைக்கும் நிறுத்தலை."

பதினோரு வருடம் முன்னால். அன்றிலிருந்துதான் ஆயில் குறைய ஆரம்பித்ததாம். மாதம் அரை லிட்டர் ஊற்றி வந்திருக்கிறாள், அப்பாவுக்கும் தெரியாமல். ஏம்மா சொல்லலை என்றால், "நீ கேட்டியா?"

நவம்பர் 12

போர் முடிந்து வந்தது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னினது போல மெல்லிய கோடுகள். இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம்.

பெட்ரோலில் துடைத்தால் போதும் என்று மாமா சொன்னார். போதாது. கல் தூள் அந்தக் கோடுகளுக்குள்ளேயே தங்கி, புது ரிங்கை ஒரே மாதத்தில் தின்றுவிடும். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும்தான். அம்மாவின் பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஆறாவது துண்டில்தான் கறுப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்து போன். பேசிவிட்டு வருவதற்குள் போரில் லேசாகச் செம்பட்டை! இந்த மழைக் காற்றில் துரு பத்து நிமிடம்கூடப் பொறுக்காது. மறுபடி தேய்த்து, கழுவி, உடனே ஆயில் பூசி மூடினேன்.

நவம்பர் 14

மேல் ரிங் ஒடிந்தது. என் கை அவசரம்தான்.

நவம்பர் 15

புதுப்பேட்டை. ஒற்றை ரிங் யாரும் தர மாட்டார்கள், முழு செட்தான். திரும்பி வரும்போது ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

நவம்பர் 17

ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் விட்டு, அதன் வாயில் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி பார்த்தேன். 0.25 மி.மீ., ஒன்று மட்டும் 0.30. வாய்கள் ஒரே நேரில் வராமல் திருப்பிவைத்து பிஸ்டன் ஏற்றினேன். ஹெட் போல்ட் நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக. முடிந்தது.

நவம்பர் 18, இரவு 2 மணி

இரண்டாவது சிலிண்டர், இரண்டாவது ரிங். ரிங்கில் பொறித்த எழுத்து மேலே பார்த்து இருந்ததா?

ஒன்றில் பார்த்தது நினைவிருக்கிறது. மூன்றில் பார்த்தது நினைவிருக்கிறது. இரண்டாவதைப் போடும்போது அம்மா காபி கொண்டுவந்தாள், டம்ளரை வாங்கினேன், அப்புறம் என்ன செய்தேன்? அந்த ரிங்கின் முகம் லேசாகச் சாய்ந்தது. கீழே வரும்போது ஆயிலை வழித்துவிடும். தலைகீழாகப் போட்டால் மேலே ஏற்றிவிடும். இத்தனையும் செய்து கடைசியில் அதே புகை. எழுத்து இருந்த பக்கம் கட்டைவிரல் பட்டதாகத் தோன்றுகிறது. இல்லை, அது மூன்றில். காபியை ஏன் வாங்கினேன்?

நவம்பர் 20

பிரித்தேன். எழுத்து மேலேதான் இருந்தது.

ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் வீண். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

நவம்பர் 23

ஓடுகிறது!! தெருவே மறைகிற மாதிரி நீலப் புகை. பூசின ஆயில்தான், எரிந்து தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது, வாளியோடு ஓடிவந்தார்.

ஐடிலில் விட்டுவைக்கக் கூடாது, ரிங் படியாது. உடனே ரோட்டில் ஏற்றினேன்.

நவம்பர் 25

அம்மா ஓட்டினாள். திருநின்றவூர் வரை போய்த் திரும்பினோம். என்னை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தாள்.

ஆயில் குச்சியில் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. நேற்று எங்கே இருந்தது என்று குறித்துவைக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 26

காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகை. வெள்ளை. நீராவியாகத்தான் இருக்கணும்.

நவம்பர் 27

நாளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வேண்டாமாம், இதிலேயே போகலாமாம். யார் ஓட்டுவது என்பதில் சண்டை.